பாடமா, கூரையா? பள்ளியில் எதை முதலில் கேட்பது?

மூன்றாம்தளம்

எல்லோருக்கும் வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளியில் 14 பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம், நிர்வாகத்திடம் கொடுக்க ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் இரண்டு கோரிக்கை. ஒன்று, காலநிலை மாற்றத்தை எல்லா வகுப்புக்கும் முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இப்போது அது புவியியல் புத்தகத்தின் கடைசிப் பாடம், தேர்வு நெருங்கியதும் "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப்போகிற பாடம். இரண்டாவது, பள்ளிக் கட்டடத்தையே மாற்ற வேண்டும். எங்கள் வகுப்பு மூன்றாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல் மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுழற்றுகிறது, பெஞ்சில் கை வைத்தால் சூடு தெரிகிறது. கடைசிப் பீரியடில் பாதிப் பேர் தலையைக் கவிழ்த்துப் படுத்திருப்பார்கள். ஆசிரியருக்கும் திட்ட மனம் வராது, அவரும் வியர்த்துப்போய்த்தான் நிற்பார்.

பெரியவர்கள் பலரும் ஒன்றை மட்டும் கேளுங்கள் என்கிறார்கள். இரண்டையும் கேட்டால் இரண்டும் கிடைக்காதாம். குழுவிலும் இதில் பிளவு. எதை முதலில் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ்

தம்பியோ தங்கையோ, முதலில் வாழ்த்து. நான் 19 ஆண்டுகளாக அறிவியல் ஆசிரியை. என் ஓட்டு பாடத்துக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

ஆசிரியர்களுக்கு மனம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். யுனெஸ்கோ 2021-இல் பல நாட்டு ஆசிரியர்களிடம் கேட்டபோது 95 சதவீதம் பேர் காலநிலை மாற்றத்தின் தீவிரத்தைக் கற்பிப்பது முக்கியம் என்றார்கள். அதைத் தன்னம்பிக்கையோடு கற்பிக்க முடியும் என்று சொன்னவர்கள் 40 சதவீதத்துக்கும் குறைவு. தங்கள் வட்டாரத்தில் அதன் விளைவு என்ன என்று விளக்க முடியும் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். இதைப் படித்தபோது எனக்கு என் நிலைமையைத்தான் யாரோ எழுதியது போல இருந்தது. பனிக்கரடி, உருகும் பனிப்பாறை எல்லாம் சொல்லிவிடுவேன். "மிஸ், நம்ம கிணற்றில் ஏன் தண்ணீர் உப்பாகிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. யாரும் எனக்குச் சொல்லித்தரவும் இல்லை.

அதே ஆண்டு யுனெஸ்கோ ஏறக்குறைய 100 நாடுகளின் பாடத்திட்டங்களைப் புரட்டிப் பார்த்தது. பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில், சரியாகச் சொன்னால் 47 சதவீதத்தில், காலநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லை. அதனால் மனுவில் "பாடம் வேண்டும்" என்று மட்டும் எழுதாமல் "ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அதை எழுதாமல் பாடத்தை மட்டும் கூட்டினால் இன்னொரு மனப்பாடப் பகுதி வந்து சேரும், அவ்வளவுதான்.

வீட்டுக்கணக்கு

நான் ஒரு பள்ளியின் பெற்றோர் குழுவில் வரவு செலவு பார்ப்பவன். பிள்ளைகளின் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவன் எப்படிக் கேட்பான் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் மொட்டைமாடி முழுக்கச் சூரியத் தகடு போட்டார்கள். திறப்பு விழா, படம், எல்லாம் ஆனது. பதினெட்டு மாதத்தில் இன்வெர்ட்டர் பழுது. பராமரிப்பு ஒப்பந்தம் யாரும் போடவில்லை. தகடுகளைத் துடைக்கக்கூட ஆள் நியமிக்கவில்லை. இப்போது அதன் நிழலில் புறா கூடு கட்டியிருக்கிறது. அந்தப் பணத்தில் கழிப்பறைகளைச் சரிசெய்திருக்கலாம் என்று பெற்றோர்கள் இன்றும் கேட்கிறார்கள், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பசுமைக் கட்டடம் என்று யாராவது கூட்டத்தில் வாய் திறந்தாலே இதுதான் எல்லோருக்கும் நினைவு வருகிறது.

ஆகவே மனு எழுதுகிறவர்களிடம் என் கேள்வி: பொருத்திய பிறகு யார் பார்த்துக்கொள்வது?

செங்கல்சுண்ணாம்பு

கட்டடப் பொறியாளர். மேலே உள்ள மூவரும் சொல்வது எனக்குப் புரிகிறது, ஆனால் பாடமா கட்டடமா என்று பிரித்துப் பார்ப்பதே நமக்கு இழப்பு என்பது என் எண்ணம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் மூன்றாம்தளத்துக்கு ஒரு வேலை. மனுவை இரண்டு வாரம் ஒத்திவையுங்கள். நல்ல வெப்பமானி மூன்று வாங்குங்கள் அல்லது ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்று உங்கள் வகுப்பில், ஒன்று தரைத்தள வகுப்பில், ஒன்று வெளியே நிழலில், வெயில் நேராகப் படாத இடத்தில். முதலில் மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பாருங்கள், காட்டாவிட்டால் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு பின்னால் கழியுங்கள். அப்புறம் தினமும் நான்கு வேளை எழுதுங்கள், வகுப்பில் எத்தனை பேர், எத்தனை ஜன்னல் திறந்திருந்தது என்பதையும் சேர்த்து. முடிந்தால் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் கருவி ஒன்று யாரிடமாவது இரவல் வாங்குங்கள். வெளிக்காற்றில் இப்போது சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. அறைக்குள் 1,000-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். நாற்பது பேர் மூச்சு விடுகிற மூடிய அறையில் அது எவ்வளவு வேகமாக ஏறும் என்று நீங்களே பாருங்கள், நான் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"வகுப்பு சுடுகிறது" என்று சொன்னால் "எங்கள் காலத்தில் விசிறியே கிடையாது" என்ற பதில்தான் வரும். எண்ணோடு போனால் அந்தப் பதில் வராது.

பழையகொடி

நான் மாணவர்களின் காலநிலை இயக்கங்களை முதலிலிருந்து கவனித்து வருகிறேன், கொஞ்ச காலம் உள்ளேயும் இருந்திருக்கிறேன். பள்ளி மாணவி கிரேட்டா துன்பர்க் 2018 ஆகஸ்டில் காலநிலைக்காகச் சுவீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே தனியாக உட்கார்ந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. தெருவில் நின்ற மாணவர்களில் ஒரு பகுதியினர் "எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை நாங்களே எழுதித்தருகிறோம்" என்று உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்கள். பிரிட்டனில் 2019-இல் தொடங்கிய டீச் தி பியூச்சர் என்ற மாணவர் இயக்கம் அப்படிப்பட்டதுதான். அவர்கள் ஒரு காலநிலைக் கல்வி மசோதாவையே எழுதினார்கள். 2021 நவம்பரில் நாடியா விட்டம் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அதை அவையில் முன்வைத்தார். மாணவர்கள் எழுதி அங்கே முன்வைக்கப்பட்ட முதல் மசோதா அது என்றார்கள். இந்த இழைக்குத் தேவையான விஷயம் ஒன்று: அந்த இயக்கம் கல்வியையும் கட்டடத்தையும் சேர்த்தே கேட்டது. பள்ளிக் கட்டடங்களை நிகர உமிழ்வு இல்லாதவையாக (கார்பன் உமிழ்வைக் குறைத்து, மீதியை ஈடுசெய்பவையாக) மாற்ற வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் உண்டு.

மசோதா சட்டமாகவில்லை. ஆனால் 2022 ஏப்ரலில் இங்கிலாந்துக் கல்வித்துறை வெளியிட்ட உத்தியில், 2025-க்குள் ஒவ்வொரு கல்விக்கூடத்திலும் இதற்கென ஒரு பொறுப்பாளரும் ஒரு காலநிலைச் செயல்திட்டமும் இருக்க வேண்டும் என்று வந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, கேட்காமல் இருந்திருந்தால் இதுவும் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இத்தாலியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், 33 மணி நேரம் காலநிலைக் கல்வி கட்டாயமாக்கிவிட்டார்கள் என்று. 2019-இல் அறிவிப்பு பெரிதாக வந்தது உண்மை. நடைமுறையில் அந்த 33 மணி நேரம் குடிமைக் கல்விக்கானது. அதற்குள் அரசியலமைப்பும் உண்டு, இணையப் பயன்பாடும் உண்டு, அவற்றோடு ஒரு பகுதியாகத்தான் சுற்றுச்சூழல். எனவே மனுவில் "மணி நேரம்" கேட்காதீர்கள், எந்த வகுப்பில் எந்தப் பாடத்துக்குள் என்று கேளுங்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி அப்படித்தான் செய்தது. 2020-இல் தீர்மானித்து 2022 செப்டம்பரில் தொடங்கியபோது கலை, உடற்கல்வி உட்படப் பல பாடங்களுக்குள்ளும் அதைக் கொண்டுவந்தார்கள்.

இரண்டாம்வகுப்புஅம்மா

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் மூத்த பெண் போன வருடம் பள்ளியில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்தாள். காடு எரிகிறது, ஊர் மூழ்குகிறது. அன்று ராத்திரி "அம்மா, நான் பெரியவளாகும்போது எல்லாம் இருக்குமா?" என்று கேட்டாள். பத்து நாள் என் பக்கத்தில்தான் தூங்கினாள். ஆசிரியர் நல்ல எண்ணத்தில்தான் காட்டினார், நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் காலநிலைக் கல்வி என்றால் இதுதான் என்றால், எனக்கு அது வேண்டாம். சின்னப் பிள்ளைகள் தலையில் ஏன் இதை ஏற்ற வேண்டும்?

சாக்பீஸ்

@இரண்டாம்வகுப்புஅம்மா நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. இது உங்கள் பெண்ணுக்கு மட்டும் நடந்தது இல்லை. 2021-இல் 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழில் வந்தது. 59 சதவீதம் பேர் மிகவும் கவலைப்படுகிறோம் அல்லது மிக மிகக் கவலைப்படுகிறோம் என்றார்கள். 45 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இந்தக் கவலை அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிறது என்றார்கள். நாம் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் பயம் போனிலிருந்து வந்துவிடுகிறது, அதுவும் அரைகுறையாக.

என் வகுப்பில் நான் பார்த்த ஒரே மருந்து, கைக்கு வேலை கொடுப்பது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் உலகம் எரிகிறது என்று படம் காட்டினால் முகம் வாடிப்போகிறது. அதே பிள்ளைகளிடம் "மழை பெய்யும்போது இந்தக் கூரையில் எவ்வளவு தண்ணீர் விழும் என்று கணக்குப் போடுங்கள்" என்றால் சண்டை போட்டுக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். அந்த எண் வந்ததும் ஒரு பையன் எழுந்து ஜன்னல் வழியாகக் கூரையையும் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இதை எழுதும்போதே என் முதல் பதிவிலிருந்து நான் மாறுகிறேன் என்று தெரிகிறது. கூரை இல்லாமல் அந்தப் பாடத்தை நான் நடத்தியிருக்க முடியாது. செங்கல்சுண்ணாம்பு சொல்ல வந்தது இதுதானா?

செங்கல்சுண்ணாம்பு

அதேதான் மேடம். பிள்ளைகள் நாளில் ஆறேழு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற பொருள் கட்டடம். அது தப்பாக இருந்தால், சுவரில் ஒட்டியிருக்கிற "ஆற்றலைச் சேமிப்போம்" படத்தை அந்தக் கட்டடமே பொய்யாக்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாம்தளம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் ஆகிவிட்டது. செங்கல்சுண்ணாம்பு அண்ணா சொன்னபடி அளந்தோம். 11 பள்ளி நாள், தினமும் நான்கு வேளை. ஒரு நாள் மதிய அளவை எழுத மறந்துவிட்டோம், அதை வெற்றிடமாகவே விட்டிருக்கிறோம், ஊகித்து நிரப்பவில்லை.

மதியம் 2.30 மணிச் சராசரி: வெளியே நிழலில் 35.1 டிகிரி, தரைத்தள வகுப்பில் 34.6, எங்கள் வகுப்பில் 38.4. அதாவது வெளியே மரத்தடியில் உட்கார்ந்து படித்தால் இதைவிடக் குளிர்ச்சியாக இருந்திருக்கும். கார்பன் டை ஆக்சைடு கருவி ஒரு அக்காவிடம் இரண்டு நாள் இரவல் கிடைத்தது. தெருச் சத்தத்துக்காக ஜன்னலை மூடிவைத்திருந்த அன்று மூன்றாவது பீரியட் முடிவில் 2,300 காட்டியது. மறுநாள் எதிர்ச் சுவரில் மேலே இருக்கிற காற்றுப்போக்கிகளைத் திறந்துவைத்தோம், அவை பல வருடமாகப் பெயின்ட் ஒட்டி மூடியே கிடந்தன, காவலாளி அண்ணா ஏணி வைத்துத் திறந்து கொடுத்தார். அன்று அதே நேரத்தில் 900. ஒரு காசு செலவில்லை.

இந்த எண்களைப் பார்த்ததும் குழுவில் சண்டை நின்றுவிட்டது. ஆனால் புதுச் சண்டை ஒன்று வந்திருக்கிறது: பாதிப் பேர் ஏசி கேட்க வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர் காலநிலைக்காக மனு எழுதிவிட்டு ஏசி கேட்பதா என்கிறார்கள்.

செங்கல்சுண்ணாம்பு

அருமையான வேலை. அந்த வெற்றிடத்தை நிரப்பாமல் விட்டதற்குத் தனிப் பாராட்டு.

ஏசி பற்றி. இதில் மனசாட்சிக் குழப்பம் வேண்டாம், முதலில் உண்மையைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஏறக்குறைய 1 கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்து ஓர் ஆய்வு 2020-இல் வந்தது. ஏசி இல்லாத பள்ளிகளில், அந்தக் கல்வியாண்டு 1 பாரன்ஹீட் டிகிரி, அதாவது அரை செல்சியஸ் டிகிரிக்குச் சற்று மேல், கூடுதல் வெப்பமாக இருந்தால் அந்த ஆண்டில் கற்பதில் 1 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். ஏசி இருந்த பள்ளிகளில் அந்த இழப்பு பெரும்பாலும் இல்லை. ஆகவே வெப்பம் படிப்பைக் கெடுக்கிறது என்பதில் சந்தேகமில்லை, ஏசி வேலை செய்கிறது என்பதிலும் சந்தேகமில்லை. குளிர்ச்சி கேட்பது ஆடம்பரம் என்று யாரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள்.

ஆனால் வரிசை முக்கியம். உங்கள் அறைக்குச் சூடு எங்கிருந்து வருகிறது? தரைத்தளத்துக்கும் உங்களுக்கும் கிட்டத்தட்ட 4 டிகிரி வித்தியாசம். அதில் பெரும்பகுதி கூரைதான் என்று பந்தயம் கட்டுவேன். கான்கிரீட் தளம் காலையிலிருந்து வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும், மதியத்துக்கு மேல் அதை உங்கள் தலைமேல் இறக்கும், வெயில் சாய்ந்த பிறகும் விடாது. பழைய கருத்த தளம் விழுகிற வெயிலில் பெரும்பங்கை உள்வாங்கிக்கொள்ளும். புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். தூசி படியப் படிய அது குறையும், அதனால் வருடம் ஒருமுறை கழுவ வேண்டும். பூசுவதற்கு முன் ஒழுகல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், விரிசலுக்கு மேல் வெள்ளை அடித்தால் விரிசல் மறையும், ஒழுகல் நிற்காது.

அடுத்தது ஜன்னல். எல்லோரும் உள்ளே திரை போடுவார்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை பிடித்து என்ன பயன், சூடு அறைக்குள்தானே நிற்கிறது. நிழல் வெளியே விழ வேண்டும். தட்டி, சன்ஷேடு, மேற்குப் பக்கம் மரம், எதுவானாலும் வெயில் கண்ணாடியைத் தொடும் முன் தடுக்க வேண்டும். மரம் வளர ஆண்டுகள் ஆகும் என்பதால் அதை இன்றே நட வேண்டும், பூச்சை நாளை அடித்தாலும் பரவாயில்லை. மூன்றாவது காற்றோட்டம், அதை நீங்களே செய்துவிட்டீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் தாங்க முடியாத மாதங்கள் இருந்தால் ஏசி கேளுங்கள். அப்போது சின்ன ஏசி போதும், குறைந்த நேரம் ஓடினால் போதும். வெயில் குடிக்கிற கூரைக்குக் கீழே ஏசி போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

ஒரு வேண்டுகோள். மூன்று அறைக்குப் பூச அனுமதி கிடைத்தாலும் இரண்டுக்கு மட்டும் பூசுங்கள். ஒன்றை அப்படியே விட்டால்தான் ஒப்பிட முடியும்.

புதுக்கட்டடம்வேண்டும்

இந்த ஒட்டுவேலை எல்லாம் எத்தனை நாளைக்கு? பழைய கட்டடத்தை இடித்துவிட்டு நல்ல பசுமைக் கட்டடமாகக் கட்டிவிடலாமே. புதிய கட்டடங்களுக்குச் சான்றிதழ் எல்லாம் தருகிறார்கள்.

செங்கல்சுண்ணாம்பு

கட்டடம் பாதுகாப்பு இல்லாத நிலையில் இருந்தால் இடிக்கத்தான் வேண்டும், பிள்ளைகளின் உயிர் முதலில். மற்றபடி நான் எதிர்ப்பேன். உலகத்தின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் 7, 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து மட்டும் வருகிறது. உறுதியாக நிற்கிற கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினால், மின்விளக்கு ஒன்று எரியும் முன்பே பெரிய உமிழ்வு முடிந்திருக்கும், அதை மின்சாரச் சேமிப்பில் ஈடுகட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

புதிதாகக் கட்டியே ஆக வேண்டிய இடத்தில் பார்க்க வேண்டியது மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவில் காண்டோ என்ற கிராமத்துத் தொடக்கப்பள்ளி. அந்த ஊரிலேயே பிறந்த பிரான்சிஸ் கேரே வடிவமைத்தது, 2001-இல் முடிந்தது. ஊர் மக்களே சேர்ந்து கட்டினார்கள். உள்ளூர் மண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்த செங்கல். மேலே தகரக் கூரைதான், ஆனால் அதைச் சுவரை விட்டு உயரத் தூக்கி வைத்தார். இடையில் துளைகள் உள்ள செங்கல் உட்கூரை. வகுப்பின் சூடான காற்று துளை வழியாக மேலே போய் அந்த இடைவெளியில் ஓடும் காற்றோடு வெளியேறிவிடும். தகரத்தின் சூடு பிள்ளைகளின் தலைக்கு வருவதில்லை. கேரேவுக்கு 2022-இல் கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. எனக்கு இந்தப் பள்ளியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கொஞ்சம் தொண்டை அடைக்கும். நாங்கள் படித்த காலத்தில் கட்டடக் கலை என்றால் கண்ணாடிச் சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பழையகொடி

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரிஸ் நகரில் 2018 வாக்கிலிருந்து பள்ளி முற்றங்களில் தாரைப் பெயர்த்து எடுத்து மண்ணும் மரமும் நிழலும் கொண்டுவருகிறார்கள், ஒயாசிஸ் முற்றங்கள் என்று பெயர். சில முற்றங்களை விடுமுறை நாளில் அக்கம்பக்கத்தாருக்கும் திறந்துவிடுகிறார்கள். பள்ளியின் நிழல் ஊருக்கும் பயன்பட்டால் ஊரும் உங்களுக்காகப் பேசும். மனுவில் இதை எழுதுங்கள்.

அப்புறம் "நாங்கள் சின்னவர்கள், எங்கள் பேச்சு எங்கே எடுபடும்" என்று குழுவில் யாராவது சோர்ந்துபோனால் பசிபிக் தீவு மாணவர்களின் கதையைச் சொல்லுங்கள். தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர் 2019-இல் வகுப்பறையில் தொடங்கிய ஒரு யோசனை: காலநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்பது. வனுவாட்டு என்ற பசிபிக் தீவு நாட்டின் அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் தன் கருத்தை வழங்கியது. ஆறு வருடம். ஒரு வகுப்பறையிலிருந்து.

இரண்டாம்வகுப்புஅம்மா

எல்லாவற்றையும் படித்தேன். சாக்பீஸ் டீச்சர் சொன்ன மழைக் கணக்கை வீட்டில் செய்து பார்த்தோம். பெண் ஒரு பாத்திரத்தை மொட்டைமாடியில் வைத்து ஸ்கேல் வைத்து அளக்கிறாள், மழை இல்லாத நாளிலும் ஓடிப்போய்ப் பார்க்கிறாள். நான் எதிர்த்தது பாடத்தை இல்லை, பிள்ளையைப் பயத்தோடு வீட்டுக்கு அனுப்பியதைத்தான் என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது. மனுவில் "சிறு வகுப்புகளுக்கு வயதுக்கு ஏற்றபடி" என்ற வரியைச் சேர்ப்பீர்களா? சேர்த்தால் நானும் கையெழுத்துப் போடச் சம்மதம், மற்ற அம்மாக்களிடமும் கேட்கிறேன்.

வீட்டுக்கணக்கு

நானும் ஒரு கணக்குப் போட்டேன், மூன்றாம்தளத்துக்கு உதவட்டும். 20 வகுப்பறை, அறைக்கு 4 விசிறி, மொத்தம் 80. பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற பிஎல்டிசி என்ற வகை மோட்டார் வைத்தது சுமார் 30 வாட். ஒன்றுக்கு 45 வாட் மிச்சம், 80 விசிறிக்கு 3,600 வாட். நாளைக்கு 6 மணி நேரம் ஓடினால் 21.6 யூனிட். 200 பள்ளி நாளுக்கு 4,320 யூனிட். நல்ல வெயிலுள்ள இடத்தில் 1 கிலோவாட் சூரியத் தகடு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், ஆக இந்த மிச்சத்தைத் தகட்டிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் 5 கிலோவாட்டுக்கு மேல் போட வேண்டும். முதலில் விசிறி, அப்புறம் தகடு என்று எங்கள் குழுவிடம் யாரும் அன்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அந்தத் திட்டத்தை இப்படிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கமாட்டேன்.

என் பழைய கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. யார் பார்த்துக்கொள்வது?

சாக்பீஸ்

பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் ஐயா. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர்களை ஏணியில் ஏற்றச் சொல்லவில்லை, மின் இணைப்பைத் தொடவும் விடக் கூடாது. அளந்து எழுதுவது அவர்கள் வேலையாக இருக்கட்டும். மின் மீட்டரை வாரம் ஒருமுறை எட்டாம் வகுப்பு குறித்தால் இன்வெர்ட்டர் நின்ற வாரமே தெரிந்துவிடும், பதினெட்டு மாதம் புறா கூடு கட்டும் வரை காத்திருக்க வேண்டாம். அந்த எண்களில் கணக்கு ஆசிரியர் சராசரியும் வரைபடமும் நடத்தலாம், நான் வெப்பக் கடத்தலை நடத்துவேன், தமிழ் ஆசிரியர் அறிக்கை எழுதுவதை நடத்தலாம், விண்ணப்பக் கடிதம் எப்படியும் தேர்வுக்கு வருகிறதுதானே. கூடுதல் பீரியட் ஒன்றும் தேவையில்லை. பழுதானால் சரிசெய்ய ஆளும் பணமும் நிர்வாகம் ஒதுக்க வேண்டும், அது பிள்ளைகள் தலையில் விழக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கேளுங்கள்.

வீட்டுக்கணக்கு

இது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் கூட்டத்தில் அடுத்த மாதம் வைக்கிறேன்.

மூன்றாம்தளம்

தாமதத்துக்கு மன்னிக்கவும், நடுவில் தேர்வு.

மனு கொடுத்தோம். 212 கையெழுத்து, அதில் 31 பெற்றோர். முதல் பக்கம் முழுக்க எண்கள், இரண்டாம் பக்கம் கோரிக்கை. ஆசிரியர் பயிற்சி, எந்த வகுப்பில் எந்தப் பாடத்தோடு சேர்ப்பது, வயதுக்கு ஏற்றபடி என்ற வரி, கூரை, வெளி நிழல், விசிறி, வாராந்திர அளவுப் பதிவேடு, பராமரிப்புக்கு ஒதுக்கீடு. நிர்வாகத்தில் ஒருவர் 38.4 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு "இது சரியான வெப்பமானியா?" என்று கேட்டார். மூன்றையும் ஒன்றாக வைத்துச் சரிபார்த்த தாளை எடுத்துக் காட்டினோம். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மதியம் எங்கள் வகுப்புக்கு வந்து கடைசிப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

இரண்டு அறைக்கு மேல் பூச்சு அடிக்க அனுமதி கிடைத்தது. ஒழுகல் இருந்தது, அதை அடைத்த பிறகுதான் அடித்தார்கள். பக்கத்து அறையை அப்படியே விட்டோம், அந்த வகுப்புக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள், விளக்கிச் சொன்னதும் அவர்களே அளவெடுக்க வந்தார்கள். மதியம் 2.30-க்கு, 9 நாள் சராசரியில், பூசிய அறை பூசாத அறையைவிட 2.1 டிகிரி குறைவு. இன்னும் சுடத்தான் செய்கிறது, ஆனால் கடைசிப் பீரியடில் தலை கவிழ்ந்திருப்பவர்கள் குறைந்திருக்கிறார்கள். அதை யாரும் அளக்கவில்லை, என் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாடத்திட்டம் எங்கள் பள்ளியின் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சி பற்றி "பார்க்கலாம்" என்றார்கள். அதனால் அந்தப் பகுதியை மட்டும் தனியாக எழுதிக் கல்வித்துறைக்கு அனுப்பப் போகிறோம், பக்கத்துப் பள்ளிகள் இரண்டில் பேசியிருக்கிறோம், அவர்களும் அளக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நான் அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு, தரைத்தளத்துக்குப் போய்விடுவேன். பதிவேட்டை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரிடம் கொடுத்திருக்கிறோம். நேற்று அவர்களில் ஒருத்தி வந்து, "அக்கா, காலையில் எட்டு மணி அளவும் சேர்த்து எடுக்கலாமா, ராத்திரி எவ்வளவு சூடு மிச்சம் இருக்கிறது என்று தெரியுமே?" என்று கேட்டாள். செங்கல்சுண்ணாம்பு அண்ணா, எடுக்கலாமா?

செங்கல்சுண்ணாம்பு

கட்டாயம் எடுங்கள். ஜன்னலைத் திறக்கும் முன் எடுக்கச் சொல்லுங்கள்.